நான் வெட்டிய பதினொரு விநாடி

திருமயத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருக்கிறேன். செல்போன் பதிவையோ கேமரா காட்சியையோ கோர்ட்டில் கொடுப்பதென்றால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். புதுச் சட்டம் வந்த பிறகு அது இரண்டு பகுதி. ஒன்றில் போன் வைத்திருப்பவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து. அத்தோடு ஹேஷ் என்று நீளமாக ஒரு எண். பதிவின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு விநாடி குறைந்தாலும் மாறிவிடும். வருகிறவர்களிடமெல்லாம், "போனை மாத்தாதீங்க, எதையும் அழிக்காதீங்க" என்று சொல்லி அனுப்புகிறவள் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

என் தங்கையை அவள் புருஷன் அடித்து வெளியே தள்ளினான். ஆறு வயது மகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். பிள்ளையைக் கேட்டு நாங்கள் வழக்குப் போட்டதும், பிள்ளை அப்பனோடு இருக்கத்தான் ஆசைப்படுகிறது என்று கோர்ட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டான்.

அடி வாங்கிய அன்றைக்கே தங்கை எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். இரண்டு நிமிடம்கூட இருக்காது. அவன் கத்துவது, ஏதோ உடைவது எல்லாம் தெளிவாகக் கேட்கும். அது வந்த கொஞ்ச நேரத்தில் அவள் போனைச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டான். ஆக, அந்தப் பதிவு இருந்தது என் போனில் மட்டும்தான்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசியில் தங்கை தன் மாமியாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறாள். இங்கே எழுத முடியாது. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு ஜட்ஜ் ஐயா முன்னாடி இதப் போடுவாங்களா? பொம்பளப் பிள்ள வாயில இந்த வார்த்தையான்னு நம்ம வளர்ப்பைத்தான் சொல்லுவாங்க. அத எடுத்துருடி."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் அடித்தவனை விட்டுவிடுவார்கள், ஏசியவளைத்தான் பேசுவார்கள். கடைசிப் பதினொரு விநாடியை வெட்டினேன். வெட்டியதைச் சேமித்துக்கொண்டு, முழுசாக இருந்ததை அழித்தேன். சொந்தக்காரர் யார் கையிலாவது சிக்கிவிடுமோ என்று பயம். ஆபீசில் வேலை செய்கிற மூளை அன்று என்னோடு வீட்டுக்கு வரவில்லை.

போன மாதம் எங்கள் வழக்குக்கான சான்றிதழை நானே டைப் அடிக்க உட்கார்ந்தேன். பதிவு போனில் வந்தபடியே இருக்கிறது என்று நான் உறுதி சொல்ல வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. எழுந்துபோய் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பேக்கப் இருக்காம்மா?"

"இல்லைங்க சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்களாம்மா இப்படி? இதக் கொடுத்தா எதிர்த்தரப்பு வக்கீல் வெட்டி ஒட்டினதுன்னு சொல்லுவான். கையெழுத்துப் போட்டீங்கன்னா பொய்ச் சத்தியம்."

நான் கையெழுத்துப் போடவில்லை.

சாயங்காலம் தங்கையிடம் சொன்னேன். "அந்தக் கெட்ட வார்த்தைய மட்டுந்தாண்டி எடுத்தேன். கடைசிப் பதினொரு விநாடி."

"அதுலதானக்கா பாப்பா அழுதா? அம்மா, என்னையும் கூட்டிட்டுப் போன்னு?"

அவள் என்னைத் திட்டவில்லை. அந்த வார்த்தையை என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது வக்கீல் வேறு வழி சொல்கிறார். "பதிவு போனது போகட்டும். முழுசாக் கேட்டவங்க நீங்க ஒருத்தர் இருக்கீங்கல்ல? கூண்டுல ஏறி, என்ன கேட்டீங்களோ அதச் சொல்லுங்க. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், பார்த்துக்கலாம்."

தினமும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறேன். அவன் கத்தியது ஞாபகம் இருக்கிறது. ஏதோ உடைந்தது ஞாபகம் இருக்கிறது. தங்கை சொன்ன அந்த வார்த்தை எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. பாப்பாவின் குரல் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.