ரோஸ்லின் மிஸ் கொடுத்தனுப்பிய வெறும் தாள்

ரோஸ்லின் மிஸ் போய்விட்டார். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் சொன்னார்கள். நாலு மணிக்கு அடக்கம்.

விவேக் நகரில் மூன்றாம் வகுப்பு அவரிடம் படித்தவர்கள் இந்தக் குரூப்பில் நிறையப் பேர் இருப்பீர்கள். நல்லவர், பொறுமைசாலி என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். எனக்கும் அவருக்கும் இருபத்தெட்டு வருஷமாகச் சரியான பேச்சு இல்லை.

என் மகள் செல்விக்கு அப்போது எட்டு வயது. ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். சோறு தின்னும்போதே மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய் வருவாள். பென்சில், டிபன் டப்பா, ஒரு கால் செருப்பு... வாரத்துக்கு ஒன்று தொலையும்.

ஒரு சனிக்கிழமை அவள் யூனிஃபார்மைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டில் நாலாக மடித்த தாள். பிரித்தால் ஒரு எழுத்துகூட இல்லை.

"என்னடி இது?"

"மிஸ் குடுத்தது மா. தினமும் ரெண்டு வாட்டி மாடியில ஃபோர்த் பி மிஸ் கிட்ட கொண்டு போய் குடுக்கணும். நேத்து மறந்துட்டேன்."

"இதுல ஒண்ணுமே இல்லையேடி."

அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள்.

பாடம் நடக்கும்போது வெறும் தாளைக் கொடுத்து என் பெண்ணை வெளியே துரத்துகிறார், மற்ற பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று... அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நான் மூன்றாவதோடு நின்றவள். அவளுக்கு ஒரு பாடம் போனாலும் எனக்குத் தாங்காது.

திங்கட்கிழமை ஸ்கூல் வராண்டாவில், எல்லார் முன்னாலும், "என் பொண்ணு என்ன உனக்குப் பியூனா? உட்கார வச்சு சொல்லிக் குடுக்க வக்கில்லன்னா சொல்லிடு" என்றேன். நீ, உனக்கு என்றுதான் பேசினேன்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "போயிட்டு வந்தா உட்கார்ந்து கணக்கு போடுறாம்மா" என்றார். அவ்வளவுதான்.

அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மாதமே டி.சி. வாங்கி வேறு ஸ்கூலில் சேர்த்தேன்.

அங்கே இருந்த டீச்சர் கெட்டிக்காரி. செல்வியை முதல் பெஞ்சில் உட்கார வைத்து, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைக்கச் சொன்னார். எழுதும்போது மட்டும் கையை எடுக்கலாம். மிச்சத்தை வீட்டில் நான் பார்த்துக்கொண்டேன், கரண்டிக் காம்போடு.

இரண்டு வருஷத்தில் பெண் அடங்கிவிட்டாள். திருந்திவிட்டாள் என்று அந்த ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செல்விக்கு இப்போது முப்பத்தாறு. வைட்ஃபீல்டில் வேலை. இது நாலாவது கம்பெனி. கேப் பாதி தூரம் போன பிறகுதான் லேப்டாப் வீட்டில் இருப்பது ஞாபகம் வரும். அடுப்பில் பால் பொங்கி வழியும், பக்கத்திலேயே நின்று வேறு எதையோ யோசித்துக்கொண்டிருப்பாள்.

பொறுப்பில்லாதவள் என்று நானே சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை காதில் விழும்படி.

போன வருஷம் பேத்தியை டாக்டரிடம் கூட்டிப் போனோம். வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்று ஸ்கூலில் சொன்னதால். டாக்டரம்மா குழந்தையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, செல்வி அழுதுவிட்டாள். "இதெல்லாம் நான்தான் டாக்டர்."

பிறகு அவளையும் தனியாக வரச் சொல்லிப் பார்த்தார்கள். ஏ.டி.ஹெச்.டி.யாம், கவனம் ஓரிடத்தில் நிற்காதாம். இரண்டு பேருக்கும்.

"இவளுக்கு சின்ன வயசுலயே சரியாயிடுச்சேம்மா" என்றேன்.

"சரியாகல பாட்டி. சின்ன வயசுல கால் ஓடும். வளர வளர நிறைய பேருக்கு கால் நின்னுடும், உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். வெளிய தெரியாது." பேத்தியைக் காட்டிச் சொன்னார்: "ஸ்கூல்ல இவளை நடுநடுவுல எழுந்து நடக்க விடச் சொல்லுங்க. ஏதாவது சின்ன வேலை குடுத்து அனுப்பட்டும். போயிட்டு வந்தா உட்காருவா."

போயிட்டு வந்தா...

நான் செல்வியைப் பார்த்தேன். நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள், மிஸ் வீட்டுக்குப் போகலாம் என்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை என்பேன். அப்படியே எத்தனை ஞாயிறு.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் மிஸ்ஸே என் பக்கத்தில் வந்து நின்றார், கைத்தடியோடு. "செல்வி அம்மாதானே? செல்வி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா" என்றேன். ஒரு பஸ் வந்தது. நான் போக வேண்டிய பஸ் இல்லை. ஏறிவிட்டேன்.

மிஸ், உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. சொல்லவில்லை என்று குறை சொல்ல முடியாது. சொன்னீர்கள், ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் நான் நீ என்று பேசினபோது நீங்களும் திருப்பிப் பேசியிருக்கலாம். டி.சி. கேட்டு வந்து நின்றபோது வழியை மறித்திருக்கலாம். சண்டை போட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். சண்டைதான் எனக்குப் புரியும்.

காலையில் செல்விக்கு ஃபோன் செய்து சொன்னேன். அப்படியே கேட்டுவிட்டேன்.

"அது வெறும் தாள்னு உனக்குத் தெரியுமாடி?"

"முதல் நாளே படிக்கட்டுல பிரிச்சுப் பார்த்துட்டேன் மா."

"அப்புறம் எதுக்குடி தினமும் தூக்கிட்டுப் போன?"

"மிஸ் எனக்குன்னு மடிச்சுக் குடுப்பாங்க. மறுபடியும் அதே மடிப்புல மடிச்சு, கொண்டு போய் குடுப்பேன்."

ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டாள். வழியில் எதையாவது மறப்பாள், எங்கேயாவது திரும்பிப் போவாள், லேட்டாகத்தான் வருவாள். அவள் வந்து முகம் பார்க்கும்வரை பெட்டியை மூட வேண்டாம் என்று நான் போய் மிஸ் வீட்டாரிடம் கேட்கப் போகிறேன். கத்தமாட்டேன்.

போயிட்டு வாங்க மிஸ்.