தொடையில் போட்ட ஊசி

நர்சிங் முடித்து நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது கொடைக்கானல் மலையில் கவுஞ்சிப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். ஊசி போடுவதில் எனக்குத் தனி ஆசை. தோலுக்குள், தோலுக்கு அடியில், தசையில், நரம்பில் என்று ஊசிக்கு நான்கு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான்கிலும் நரம்புதான் எனக்குப் பிடித்தது. விடுதியில் சாப்பிட உட்கார்ந்தால்கூட பக்கத்தில் இருப்பவளின் முழங்கையைத் தடவி நரம்பு பார்ப்பேன். வேலைக்கு வந்த பிறகு குழந்தைகளுக்குத் தடுப்பூசி, மண்வெட்டி பட்ட காலுக்கு டிடி ஊசி, அவ்வளவுதான்.

பூண்டு பிடுங்குகிற சமயம் அது. டாக்டர் பக்கத்து ஊர் முகாமுக்குப் போயிருந்தார். முற்பகலில் கேரட் மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்று வாசல்வரை வந்து நின்றது. வண்டிக்காரர் இறங்கி ஓடி, பின்னால் படுத்திருந்த தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கதண்டு கொட்டிருச்சு நர்சம்மா. மூச்சு முட்டுதுங்கிறா."

காட்டு ஓரத்துப் புதரில் கதண்டுக் குளவியின் கூடு இருந்ததைப் பார்க்காமல் அந்த அக்கா கையை வைத்துவிட்டாராம். உதடு வீங்கித் தொங்கியது. கழுத்திலும் கையிலும் தடிப்பு. மூச்சு விசில் அடித்தது. நாடியைப் பிடித்தேன், விரலுக்குச் சிக்கவில்லை. படுக்கவைத்து, காலுக்கடியில் தலையணைகளை அடுக்கிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். நல்லவேளை, சிக்னல் கிடைத்தது. நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"அட்ரினலின் எடு. தொடையில, வெளிப்பக்கம், தசையில போடு. நரம்பு தேடிட்டு நிக்காத."

அளவையும் சொன்னார். திருப்பிச் சொன்னேன். அதுவரை நான் தொட்டிராத மருந்து அது. குப்பியை உடைத்தபோது என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. பயம்தான். ஆனால் பயத்துக்குள் ஒரு துள்ளலும் இருந்தது, ஓட்டப் பந்தயத்தில் கோட்டின் மேல் நிற்கிற மாதிரி.

ஊசியோடு திரும்பியபோது கணவர் குறுக்கே வந்தார். "காலுலயா? நரம்புல போட்டாத்தானங்க வெரசா கேக்கும்?"

நானும் முந்தின நாள்வரை அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு நரம்பு தட்டுப்படாது. தட்டுப்பட்டாலும் இந்த மருந்தை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் தாங்காமல் போகலாம். தோலுக்கடியில் போட்டால் மெதுவாகத்தான் ஊறும். தொடைத் தசை பெரியது, ரத்தம் நன்றாக ஓடுவது. இதையெல்லாம் அவரிடம் விளக்க நேரமில்லை.

"அண்ணே, இதுக்குத் தொடைதான் வெரசான வழி. கால அசையாமப் பிடிங்க."

பிடித்தார். சேலையை விலக்கக்கூட நான் நிற்கவில்லை. துணியோடு சேர்த்து நேராகக் குத்தி மருந்தைச் செலுத்தினேன்.

அடுத்த சில நிமிஷம் அக்காவின் நெஞ்சை விட்டு என் கண் நகரவில்லை. விசில் அப்படியேதான் இருந்தது. இரண்டாவது ஊசிக்கு மருந்தை எடுத்து வைத்தேன். அப்போது ஒரு மூச்சு நீளமாக உள்ளே போனது. அடுத்தது இன்னும் நீளமாக. நாடி என் விரலுக்கடியில் தட்டியது. தட்டியதென்றால், கதவைத் தட்டுகிற மாதிரி. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை.

அதன்பின் முழங்கையில் நரம்பும் எழுந்து வந்தது. டாக்டரைக் கேட்டு சலைன் ஏற்றினேன். கண்ணைத் திறந்த அக்கா கணவரைத்தான் தேடினார்.

"பிடுங்குன பூண்டு அப்படியே கெடக்கு. மழை வந்துறப் போகுது."

"கெடந்தாக் கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

மூச்சுத் திணறல் திரும்ப வரலாம் என்பதால் ஆம்புலன்ஸில் கொடைக்கானலுக்கு அனுப்பச் சொன்னார் டாக்டர். நானும் கூடவே போனேன். வளைவுக்கு வளைவு சலைன் பாட்டில் ஆட, அதைப் பிடித்துக்கொண்டு நான் பேசிக்கொண்டே வந்தேன். எதைப் பேசினேன் என்று நினைவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, அவங்க மூச்சு விடுறாங்கம்மா," என்றேன். யார் என்றுகூடச் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். பசி அப்போதுதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே இரண்டு பரோட்டா தின்றேன்.