மெத்தைகளுக்கு மேலே

தலைமாட்டில் அம்மா, கால்மாட்டில் நான். துணி ஒரே வீச்சில் பரந்து விழ வேண்டும். இரண்டாம் முறை இழுக்கக் கூடாது. இழுத்தால் பகலில் மெத்தைமேல் உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் தேய்ந்து கறையாகிவிடும். "மெதுவா விடுடி, தூங்கற புள்ளைக்குப் போத்தற மாதிரி" என்றாள். கடை அடைக்கும் நேரம். அவளை அழைத்துப்போக வந்த என்னிடம், சும்மா நிற்காதே என்று துணியின் மறுமுனையைத் திணித்திருந்தாள். நடுவரிசை முடிந்தது. தூணோரத்து ஒற்றைக் கட்டில்களும் முடிந்தன. விளக்கை அணைத்தாள். பீடம் இருந்த இடம் வரைக்கும் வெள்ளைத் துணிகள். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அந்த மெத்தைக் கடை முன்பு தேவாலயமாக இருந்தது. சபையில் ஆள் குறைந்து, வேறொரு சபையோடு சேர்ந்து, கட்டடத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் பெஞ்சுகளை அகற்றிவிட்டுக் கட்டில்களைப் போட்டார். பிரசங்க மேடைக்குக் கீழே பில் போடும் இடம். பாடகர் மாடத்தில் குழந்தைகளுக்கான மெத்தைகள். பீடம் இருந்த அரைவட்டத்தில், வண்ணக் கண்ணாடி ஜன்னல்களின் கீழே, விலை கூடியவை. மாலையில் அவற்றின்மேல் சிவப்பும் நீலமும் விழும். மெத்தை உறையின் நிறம் என்ன என்று வாடிக்கையாளர்கள் குழம்புவார்கள்.

அம்மா கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து போன கோயில் அது. கடை திறந்ததுமே போய் விற்பனை வேலையில் சேர்ந்துகொண்டாள். சித்தி சண்டைக்கு வந்தாள்.

"ஆண்டவர் சாட்டைய எடுத்து வியாபாரிங்கள வெரட்டினாரே, அந்தக் கூட்டத்துல நீயும் சேந்துட்டியாக்கா?"

"வீட்ட வித்துட்டாங்க" என்றாள் அம்மா. "குடித்தனமாவது இருந்துட்டுப் போறேன்."

பிறகு சித்தியே தள்ளுபடியில் ஒரு மெத்தையும் வாங்கிக்கொண்டாள்.

ஸ்பிரிங், பஞ்சு, உத்தரவாதம் எதைப் பற்றியும் அம்மா முதலில் வாய் திறக்க மாட்டாள். "படுங்க. கண்ண மூடாதீங்க. மேல பாருங்க." அவ்வளவுதான் அவள் விற்பனைத் தந்திரம். மல்லாந்து படுத்தவர்களின் இரு பக்கமும் தூண்கள் எழும்பும். உச்சியில் விலா எலும்பு போல வளைவுகளாகப் பிரிந்து, எதிர்த் தூணின் வளைவுகளோடு ஒரு கல்பூவில் முடியும். பேரம் பேச வந்தவர்கள் பேச்சை மறப்பார்கள். சிலர் தூங்கிவிடுவார்கள். அவள் எழுப்ப மாட்டாள். சிலர் கட்டடத்தைப் பற்றியே கேட்டுவிட்டு எதையும் வாங்காமல் போவார்கள். "மெத்தக்கா, ஒரு நாளைக்கு நீங்க கூரையையே வித்துடுவீங்க" என்று மேனேஜர் கேலி செய்தால், "அது ஸ்டாக்ல ஒண்ணுதான் சார் இருக்கு" என்பாள்.

அரைவட்டச் சுவரில் மோதும் ஒலி குவிந்து திரும்பும். நான் இதைக் கட்டடக்கலைப் பாடமாகப் படித்தேன்; அவள் தொழிலாகச் செய்தாள். பீடப் பக்கம் கணவன் மனைவி காதோடு காதாக "ரொம்ப ஜாஸ்திங்க" என்று பேசிக்கொண்டால், எதிர்க் கோடியில் நிற்கும் அம்மாவுக்குக் கேட்டுவிடும். எதேச்சையாக நடந்து வருவதுபோல வந்து, "தூண் பக்கம் இதே மாதிரி, விலை கம்மில ஒண்ணு இருக்கு, பாக்கறீங்களா?" என்பாள். அவர்கள் திருதிருவென விழிப்பார்கள்.

பிரசங்கத்தின்போது கூரையைப் பார்த்ததற்காகச் சிறு வயதில் தொடையில் கிள்ளு வாங்கியவள் அவள். "இப்ப சம்பளம் குடுத்துப் பாக்கச் சொல்றாங்க" என்று சிரிப்பாள். ஆனால் அந்தக் கட்டில்களில் ஒருநாளும் அவள் படுத்ததில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கோயில்ல யாராவது படுப்பாங்களாடி?"

"நீதானேம்மா எல்லாரையும் படுக்க வைக்கற?"

"அவங்க கஸ்டமர்."

போன கோடையில், கடையை வாங்கியவரின் மகன், சின்ன முதலாளி, ஃபால்ஸ் சீலிங் போட முடிவு செய்தார். ஏசி செலவு குறையும், தூசியும் மெத்தையில் விழாது என்றார். தூண்களின் பாதி உயரத்தில் வெள்ளைப் பலகை. அதற்குமேல் இருப்பது இருட்டுக்குள் போய்விடும். அதற்கான இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கி, பழைய ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால் அடுக்கியாயிற்று. அன்று வீட்டுக்கு வந்த அம்மா செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

"நீ கட்டடம் படிச்சவதானே? கூரை ஏன் கொட்டுதுன்னு வந்து பாரு. வயசாயிடுச்சா?"

கடை விடுமுறையன்று ஏணி போட்டு ஏறினேன். உதிர்வது எல்லா இடத்திலும் இல்லை. மணிக்கோபுரத்தை ஒட்டிய இரண்டு வளைவுகளில்தான். அடியில் பழுப்புக் கறை. கோபுரத்துக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் மழைநீர் வடிகால் அடைத்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கி, ஊறி, சுண்ணாம்பைத் தளர்த்துகிறது.

"வயசு இல்லம்மா. தண்ணி."

"அப்ப பொழச்சுக்கும்" என்றாள், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவள்போல.

அவள் அவகாசம் கேட்டதற்குச் சின்ன முதலாளி இறங்கி வந்தார். மழைக்கு முன்பு வடிகாலைச் சுத்தம் செய்யட்டும். முடியாவிட்டால் சட்டங்கள் மேலே ஏறும் என்றார். வடிகாலுக்குப் போக ஒரே வழி கோபுரப் படி. அதன் இரும்புக் கதவுக்குச் சாவி பழைய மணிக்காரரிடம் இருந்தது. மணியைக் கழற்றி எடைக்குப் போட்டவர்கள்மேல் அவருக்குத் தீராத கோபம். மேனேஜர் போய்க் கேட்டபோது எந்தச் சாவி என்று கேட்டு அனுப்பிவிட்டார். அம்மா போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"கடைக்குன்னா கெடையாது. உனக்குன்னா தரேன். ஆள் அனுப்பாத, நீயே வா."

சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். கழுத்து வலிக்கிறது என்று அவர் சொன்னதற்காக ஒரு தலையணை வாங்கினாள். துணி போர்த்திவிட்டு நாங்கள் வீடு திரும்பிய அன்று இரவு, அதன்மேல் முழங்காலை ஊன்றிக் காற்றை வெளியேற்றினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் திட்டக் கூடாதாம். பாதியாகச் சுருங்கியதும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வாசல் நாற்காலியில் வைத்து, மேலே குடையையும் வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து, வந்த உறவுகளும் கிளம்பிவிட்டார்கள். இன்று சின்ன முதலாளி போன் செய்தார். அம்மா மாதிரி ஒருவர் இனிக் கிடைக்க மாட்டார் என்றார். பேசிக்கொண்டே நாற்காலியைப் பார்த்தேன். கயிற்றுக்கு இரு பக்கமும் தலையணை உப்பிக்கொண்டு, குடையைக் கீழே தள்ளியிருந்தது. வெளியே மேகம் கட்டியிருந்தது. தயங்கித் தயங்கி, அந்தச் சாவி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். "அம்மா இன்னும் வாங்கிட்டு வரல."