மாமாவும் மங்காத பல்பும்

எங்கள் ஊர் சினிமா கொட்டகைக்கு ஏசி வரப்போகிறது என்று தெரிந்த வாரத்தில்தான் என் அம்மா பூவும் பழமுமாகப் பிள்ளையார்பாளையம் போய் எனக்குப் பெண் கேட்டார். இரண்டுமே நடக்காத காரியம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. கொட்டகைக்கு ஒயரிங் செய்யப்போகிறவனும் நான், மாப்பிள்ளை ஆகப்போகிறவனும் நான்! எலக்ட்ரிக்கல் லைசென்ஸ் கைக்கு வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பெண்ணின் அப்பா எனக்குத் தூரத்து உறவில் மாமா, பட்டு நெசவாளர். கரண்ட் வேலை பார்க்கிறவர்கள் மேல் அவருக்குத் தீராத கடுப்பு. பக்கத்து மாவு மில்லில் மோட்டார் போடும்போதெல்லாம் அவர் வீட்டு பல்பு மங்கும். ஜரிகைப் பூவில் கை தப்பும். உடனே உலகத்து எலக்ட்ரீஷியன் அத்தனை பேரையும் வரிசையாகத் திட்டுவார். அம்மாவிடம் அவர் சொன்ன பதில் இது:

"கொட்டாயில அவ்ளோ பெரிய மிஷினு வெக்கிறானே உன் புள்ள, அது ஓடும்போது லைட்டு மங்காம இருக்கட்டும். அப்புறம் பொண்ணப் பத்திப் பேசலாம்."

அம்மா அழாத குறையாகத் திரும்பி வந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வினாத்தாளை முன்னாடியே கையில் கொடுத்துவிட்டால் யாராவது பெயிலாவார்களா?

கேபிள் கணக்கு எனக்கு அத்துப்படி. மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும், அதற்கு மேல் கால் பங்கு கூடுதல், அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் பருமன், அவ்வளவுதான். கொட்டகை முதலாளியும் அந்தப் பருமனில் ஒரு முழு டிரம் கேபிள் வாங்கி இறக்கிவிட்டார்.

அப்புறம்தான் வினை வந்தது. மிஷினை முன்பக்கம், மெயின் போர்டுக்குப் பக்கத்திலேயே வைப்பதாக இருந்தது. ஆனால் சாமி புறப்பாடு அந்த வழியாகத்தான் வரும். மிஷின் சூட்டைத் தணிக்கிற கூலிங் டவரின் தண்ணீர் தெறித்துக் குடையும் சாமியும் நனைந்தால் ஊர் சும்மா விடுமா? முதலாளி மிஷினைக் கொட்டகையின் பின்கோடிக்குத் தள்ளிவிட்டார்.

"அதே ஒயருதானேபா, கொஞ்சம் நீட்டிப் போடு" என்றார்.

நீட்டினால் காரியமே கெட்டது! மோட்டார் கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். கேபிள் நீள நீள வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். அட்டவணை ஆம்பியரைத்தான் கேட்டது, தூரத்தைக் கேட்கவில்லை. திரையும் பின்கோடியில்தான், அந்தப் பக்கத்து விளக்குகளுக்கும் அதே கேபிள்தான். விளக்குக்கு மட்டும் தனி ஒயர் இழுத்து மாமாவை ஏமாற்றிவிடலாம். மோட்டாரை ஏமாற்ற முடியாது, முக்கி முனகி நின்றுவிடும்.

நல்லவேளை, டிரம்மில் கேபிள் தாராளமாக இருந்தது. ஒன்றுக்கு இரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஆளுக்குப் பாதி சுமை. ஆனால் இரண்டும் ஒரே நீளம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் குட்டையானது கூடுதல் கரண்டைச் சுமந்து சூடேறும். அவ்வளவு நீளத்தை நேராக விரித்து அளக்க எங்கே போவது? நெசவுக்கான பட்டுப் பாவு நூலைத் தினமும் காலையில் நீளமாக இழுத்துக் கட்டுகிற மாமாவின் தெரு இருக்கவே இருந்தது.

பாவு வேலை முடிந்ததும் டிரம்மை உருட்டிக்கொண்டு போனேன். தெருவே திரண்டு வந்து கேபிளைத் தூக்கிக்கொண்டது. ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்க, ஒரே கூச்சலும் சிரிப்பும். மாமா மட்டும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேபிள் வளைந்து நெளிந்து கிடப்பதை எவ்வளவு நேரம்தான் பொறுப்பார், பாவம்!

"ஐய, இன்னாபா இது, நெளிஞ்சிக்கினு கெடக்குது! இஸ்துப் புடிங்கபா, தொய்வு வுடாதீங்க!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

தெருக்கோடியில் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது அவர் மகள். "அப்பா, இது ஒரு ஜாண் நீட்டிக்கினு இருக்குதுப்பா!" என்று அங்கிருந்து கத்தினாள். நான் ரம்பத்தோடு ஓடினேன். அவள் பிடித்துக்கொள்ள, நான் அந்த ஒரு ஜாணை அறுத்தேன். பிளேடு இரண்டு முறை உடைந்தது. அவள் சிரித்ததுதான் அதற்குக் காரணம்.

திறப்பு விழா அன்று மாமா வெள்ளை வேட்டியில் வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார். மிஷின் கிளம்பியது. விளக்கு இமைக்கவில்லை. படம் ஆரம்பித்து எல்லா விளக்கும் அணைந்தபின், திரைக்குப் பக்கத்துக் கதவின் மேல் ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் ஏறியதும் மிஷின் தானாக நிற்கும், மறுபடி கிளம்பும். கிளம்பும்போதெல்லாம் நானும் பல்பைப் பார்ப்பேன். சுற்றிலும் ஜனங்கள் துண்டால் காதை மூடிக்கொண்டு நடுங்கினார்கள், எனக்கு மட்டும் வியர்த்தது.

இடைவேளையில் மெல்லப் போய், "படம் எப்பிடி இருக்குது மாமா?" என்றேன்.

"படத்த எவன் பாத்தான்? பல்பு மங்கவே இல்லபா!"

நான் குதித்த குதியில் பக்கத்துக்காரர் சோடா கொட்டியது.

நிச்சயதார்த்தம் மாமா வீட்டில்தான். சாயங்காலம், தாம்பூலத் தட்டு மாற்றுகிற அதே நேரம் பார்த்து மாவு மில்லில் மோட்டாரைப் போட்டார்கள். பல்பு அழுது வடிந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா குரல் கொடுத்தார்:

"இன்னாத்துக்கு எல்லாரும் மாப்ளயப் பாக்கறீங்க? அது மாப்ள போட்ட ஒயரு இல்ல!"