முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே

சலவைக்குப் போகாத பனியன் துணியில் பருத்திக்கொட்டை வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கும். மண்ணரை என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்கூடமே அப்பாவின் "கம்பெனி"யாக இருந்ததால் நாங்கள் தின்ற சோற்றிலும் அந்த வாசனைதான். 1966 ஆவணியிலிருந்து கார்த்திகை வரை, மாலைதோறும் அரைமணி நேரம், அந்தத் துணி மூட்டைகள் என் அக்கா பொன்னியின் முழங்கால்கள் மீது இருந்தன.

அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து. அவளுக்குச் சம்மணம் போட வராது; முயன்றால் முழங்கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். அதனால் முழங்கால்களை முன்னே சேர்த்து, பாதங்களை இருபக்கமும் விரித்துப் போட்டு நடுவில் உட்காருவாள். நடக்கும்போது கால்விரல்கள் ஒன்றையொன்று பார்க்கும். "தவளையாட்ட உக்காந்திருக்கா பாரு" என்று கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் தவளை போலக் கத்திக்காட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நிறுத்தியவர் சோமனூரிலிருந்து வந்த அத்தை.

"மணவறையில காலை மடக்கி உக்கார முடியாத புள்ளைய எவனுங்கண்ணா கட்டுவான்? இது வெறும் திமிருங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"பழக்குனாச் சரியாயிரும்" என்று அப்பா முடிவு செய்தார். சம்மணமாக உட்காரவைத்து, முழங்காலுக்கு ஒரு மூட்டை. தரையைத் தொடுகிற அன்று நிறுத்திவிடலாம். ஒரு வாரம் அளவு குறையாவிட்டால் மூட்டை இரண்டாகும். அளக்கும் வேலை எனக்கு. முதல் மழை, பூனை குட்டி போட்ட நாள் எல்லாவற்றையும் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. மூட்டைகளை இறக்கியதும் அவளுடைய வலது முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே விரல்களை அடுக்கி எண்ணி எழுதுவேன். இடப்பக்கம் சுவர், அங்கே அளக்க இடமில்லை.

"இடுப்புக்குள்ள குத்துதுங்கப்பா" என்பாள்.

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு, உன்ற நல்லதுக்குத்தான்" என்பார் அப்பா. பொய்யாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கசக்கிறது.

அளவு குறையாத முதல் வாரக் கடைசியில் அவள் என்னிடம் கெஞ்சினாள். "கணக்கப்புள்ள, ஒரே ஒரு விரலு கொறச்சு எழுதிக்கடி. என்ற செவப்பு ரிப்பனத் தர்றேன்." நான் மறுத்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள் என்ற கர்வம். மறுநாள் மூட்டை இரண்டானது.

அதன்பின் அளவு இறங்கியது. எட்டு விரல், ஆறு, நான்கு. அப்பா எனக்குப் புதுப் பென்சில் வாங்கித் தந்தார். கார்த்திகையில் ஒரு காலை பொன்னியால் பாயிலிருந்து எழ முடியவில்லை. "ஏனுங்க, போதுமுங்க. டாக்டரப் பாக்கலாமுங்க" என்று முதன்முறையாக அம்மா குரலை உயர்த்தினார்.

கோயமுத்தூர் டாக்டர் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்கள் கூரையைப் பார்க்க நிறுத்தினார். கெண்டைக்கால்களை வெளிப்பக்கம் சாய்த்தார். மேசையைத் தொடுமளவு விழுந்தன. உட்பக்கம் சாய்த்தார், அசையவே மறுத்தன, அவள் அலறினாள். பிறகு என்னையும் படுக்கவைத்துப் பார்த்தார். என் கால்கள் இருபக்கமும் ஒரேயளவு போயின.

"தொடை எலும்பே உள்பக்கமாத் திருகியிருக்குதுங்க. பிறவி அமைப்பு. இப்படியே விட்டிருந்தா அவ பாட்டுக்கு நடந்துட்டிருப்பா. விரிச்சு அமுக்குனதுல இடுப்பு மூட்டுக்குள்ள காயமாயிருச்சு" என்றார்.

அப்பா என் தாள்களை நீட்டினார். "கொறஞ்சுட்டே வந்துதுங்களே?"

டாக்டர் பொன்னியைச் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். அவள் பழக்கத்தில் வலப்பக்கம் சாய்ந்து அந்த முழங்காலைத் தாழ்த்தினாள். இடது முழங்கால் அதே அளவு மேலேறியது. நான் அளக்காத முழங்கால்.

பொன்னிக்குக் கல்யாணம் ஆகவில்லை. சம்மணம் வராததற்காக யாரும் அவளை மறுக்கவில்லை, நொண்டுவதற்காக மறுத்தார்கள். இன்று கம்பெனிகளில் நாற்காலி, பள்ளியில் பெஞ்சு, கல்யாண மண்டபத்தில் மெத்தை வைத்த சோபா. இந்த ஊரில் யாருடைய முழங்காலும் தரையைத் தொட்டாக வேண்டியதில்லை. அந்தத் தாள்கள் என் பெட்டியில் இருக்கின்றன. சென்ற மாதம் கைத்தடியோடு வந்த அக்கா அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு நாள்கூட விடலியேடி."