ரஹீமா அக்காவின் சால்வை

சூரியநெல்லியில் என் வீட்டு மாடியில் சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைக்கிறேன். சென்ற மார்கழியில் வந்த ஜெர்மனிக்காரப் பெண்ணைக் காலையில் ரஹீமா அக்காவின் டீக்கடைக்கு அழைத்துப் போனேன். பர்தாவோடு டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்காவை அவள் பரிதாபமாகப் பார்த்தாள்.

“இதைப் போடச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று கேளுங்களேன்” என்றாள் ஆங்கிலத்தில்.

விருந்தாளிக்காகக் கேட்பதுபோலத் தமிழில் கேட்டேன். உண்மையில், இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குள்ளும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. “எனக்குப் பிடிச்சிருக்கு, போடுறேன்னு சொல்லு” என்றவர், அவளை உற்றுப் பார்த்தார். “ஐயோ, இந்தக் குளிருல பிள்ளைக்குக் காதெல்லாம் செவந்துபோச்சே!”

உள்ளே போய்த் தன் கம்பளிச் சால்வையை எடுத்து வந்தார். அவள் தலையைச் சுற்றி, காதுகளை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுவிட்டார். அவள் கூச்சத்தோடு சிரித்தாள். மலையெல்லாம் சுற்றித் திரும்பும்வரை அதை அவிழ்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு, மாதா கோயில் பூசையில் சேலை முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த முக்காட்டை யார் போடச் சொன்னது என்று அக்கா என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.