விசிலுக்குப் பிறகு

ஹார்லன் ஃபால்ஸ் உயர்நிலைப் பள்ளியின் கையால் எறிந்து பிடித்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்களை இருபத்திரண்டு வருஷமாக ஒன்றுவிடாமல் படம் பிடித்தவர் லோவெல் ஸ்ட்ராக்கா. மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் மாற்றும் மெக்கானிக். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் மைதானத்து இரும்புக் கோபுரத்தில் ஏறி கேமராவோடு உட்கார்ந்துவிடுவார். அதற்குச் சம்பளம் கிடையாது. கோபுரத்தில் ஏற வேறு யாருக்கும் அனுமதியும் கிடையாது. அதுதான் அவருக்குச் சம்பளம்.

படித்த காலத்தில் அவரும் அதே அணியில் இருந்தவர்தான். நான்கு வருஷம் பெஞ்சைத் தேய்த்தார். களத்தில் இறங்கியது, எல்லா ஆட்டத்தையும் கூட்டிப் பார்த்தால், ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்தைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் அடுத்தவன் ஆடியதைப் பற்றி அவர் வாய் திறந்தால் ஊரே காது கொடுக்கும். நாற்பது வருஷத்துக் குறையை அப்படித் தீர்த்துக்கொண்டார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அதனால் யாரும் சொல்வதில்லை.

அவர் படத்தில் ஒரு நொடி வீண் இருக்காது. பந்து கிளம்புவதற்கு இரண்டு நொடி முன்னால் ஆரம்பிக்கும், நடுவர் விசில் ஊதியதும் முடியும். உடனே பந்து அடுத்த தடவை கிளம்புகிற இடம். நடுவில் பையன்கள் எழுந்திருப்பது, நடப்பது, தண்ணீர் குடிப்பது, வட்டமாகக் கூடுவது எல்லாம் குப்பை. சத்தமும் குப்பைதான். மூன்று மணி நேர ஆட்டம் நாற்பது நிமிஷத்துக்குச் சுருங்கிவிடும். எல்லா ஊரிலும் இப்படித்தான் வெட்டுவார்கள், ஆனால் லோவெல் வெட்டுகிற மாதிரி வராது. "ஸ்ட்ராக்கா படத்துல சதையே இருக்காது, வெறும் எலும்புதான்" என்று முன்பிருந்த கோச் ஒருமுறை சொன்னார். லோவெல் அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

சனிக்கிழமை காலை அந்தப் படம் வெல்மா கடையின் பின் அறையில் ஓடும். பான்கேக்கும் காபியும் மேஜைக்கு வரும். படம் ஓடும் முன் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மைதானத்தில் கண்ணால் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. படம் சொல்வதுதான் தீர்ப்பு.

நவம்பர் மாதத்து அந்தச் சனிக்கிழமை அறையில் உட்கார இடமில்லை. முந்தின நாள் கைக்கு வந்த ஆட்டம் கைநழுவிப் போயிருந்தது. குவார்ட்டர்பேக் கோல்பி டாக்கெட்டுக்குப் பதினேழு வயது. பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கிற மூளையும் அவன்தான், எறிகிற கையும் அவன்தான். முதல் பாதியில் கோவில் தேர் மாதிரி அணியை இழுத்துப் போனவன், இரண்டாம் பாதியில் மூன்று தடவை பந்தை எதிராளி கையில் கொண்டுபோய்க் கொடுத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை தோற்றால் வெளியேறும் ஆட்டம். அவனைத் தன் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்கவே ஒரு பல்கலைக்கழகக் கோச் வருகிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

"நிறுத்து நிறுத்து, அங்கேயே நிறுத்து லோவெல்!" என்று முடிவெட்டுகிற மெர்ல் முட்கரண்டியோடு எழுந்துவிட்டான். "பாருங்கய்யா. இடது பக்கம் நம்ம பய தனியா நிக்கிறான். கையத் தூக்கிக் கூப்புடுறான். இவன் எங்க எறியுறான்? எதிராளி மடியில!"

"பந்தப் பிடிக்க ஓடுனவன் தப்பாத் திரும்பிட்டான்யா" என்றார் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற நார்ம். "எறிஞ்சவன் என்ன பண்ணுவான்?"

"மூணு தடவையும் மூணு பேரு தப்பாத் திரும்புனாங்களாக்கும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

அறை சிரித்தது. மூலையில் தொப்பியைப் புருவம்வரை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த க்ளென் டாக்கெட் சிரிக்கவில்லை. கோல்பியின் அப்பா அவர். "முதல் பாதிய யாரும் திருப்பிப் போட மாட்டீங்களே" என்றார், காபியைப் பார்த்துக்கொண்டே.

"போட்டாச்சு க்ளென், கை தட்டியாச்சு. அது முடிஞ்சுபோன கதை" என்றான் மெர்ல். "லோவெல், நீ சொல்லு. பயலுக்கு என்ன ஆச்சு?"

எல்லா முகமும் தன் பக்கம் திரும்பும் இந்த நிமிஷத்துக்காகத்தான் லோவெல் வாரம் முழுக்க பிரேக் மாற்றுகிறார். அவசரப்படாமல் படத்தைப் பின்னால் ஓட்டினார். மூன்றாம் கால்பகுதியில் ஒரு தடியன் வந்து கோல்பியை மல்லாக்கச் சாய்த்த இடத்தில் நிறுத்தினார்.

"இந்த அடிக்கு முன்னாடி பாருங்க, பய கண்ணு தூரத்துல இருக்கு. அடிக்கு அப்புறம்? பக்கத்துல எவன் வரான்னுதான் பாக்குறான். கை லேட்டாத்தான் கெளம்புது." ஒரு வாய் காபி குடித்துவிட்டுச் சொன்னார்: "பயந்துட்டான். அவ்வளவுதான்."

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்னதில்லை அது. யோசித்து, ரசித்துச் சொன்னது. அதனால்தான் அது பரவியது. மத்தியானத்துக்குள் மெர்லின் கடையில் முடிவெட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது. ஞாயிறு காலை சர்ச் வாசலில் பேசினார்கள். க்ளென் அதை எப்போது வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று தெரியாது, ஆனால் கொண்டுபோனார்.

ஞாயிறு மூன்று மணிக்கு லோவெலின் கராஜ் கதவை யாரோ தட்டினார்கள். கோல்பி நின்றிருந்தான். வானம் சாம்பல் பூத்துக் கிடந்த நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"மிஸ்டர் ஸ்ட்ராக்கா, வெள்ளிக்கிழமை ஆட்டத்தப் பாக்கலாமா?"

"கோச் உங்க ஃபோனுக்கெல்லாம் அனுப்பியிருப்பாரேப்பா."

"ஃபோன்ல பாத்தா தலை வலிக்குது."

கராஜில் ஒரு பழைய டிவி இருந்தது. லோவெல் படத்தைப் போட்டார். தன் தப்பைப் பார்க்க வந்த பையன் முகத்தைச் சுளிப்பான், தலையில் அடித்துக்கொள்வான். அவர் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறார். இவன் அடுத்த வீட்டுக்காரன் ஆட்டத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"நான் மொத்தம் எத்தனை விட்டேன்?"

"மூணு."

"மூணா? ரெண்டுன்னு நெனச்சேன்." திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "நான் பயந்துட்டேன்னு நீங்க சொன்னீங்களாம். அப்பா நேத்து கேட்டாரு, நெசமாடான்னு. இல்லன்னு சொல்லத்தான் நெனச்சேன். ஆனா எனக்கு அந்தப் பாதியே ஞாபகம் இல்ல. அதான் பாக்க வந்தேன். நான் பயந்தனா?"

லோவெல் படத்தை நிறுத்தினார். வெட்டி எறிந்ததில் என்னவோ ஒன்றைப் பார்த்த நினைவு வந்தது. கேமராவின் கார்டை அவர் வியாழக்கிழமைதான் அழிப்பார். எடுத்துச் செருகினார். வெட்டாத படம், சத்தத்தோடு ஓடியது.

தடியன் வந்தான், சாய்த்தான், விசில். அவருடைய படம் முடிகிற இடம் இது. வெட்டாத படம் ஓடிக்கொண்டே இருந்தது. கோல்பி எழுந்தான். ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்தான். நிதானமாக நடந்து போய் எதிரணியின் வட்டத்துக்குள் நின்றான். அவர்களில் ஒருவன் முதுகில் தட்டித் தள்ளினான். நம் பக்கத்துப் பையன் ஒருவன் ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். போகிறபோது கோல்பி தன் உள்ளங்கையை உற்றுப் பார்த்துக்கொண்டே போனான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லாச் சிரிப்பையும் மிஞ்சி, கேமராவுக்கு மிக அருகில், ஒரு குரல்: "ஏய் கிறுக்குப் பயலே, எங்கடா போற? வீடு இந்தப் பக்கம்!"

லோவெலின் குரல்தான். வயிறு குலுங்கச் சிரித்திருந்தார். வெள்ளி இரவு வெட்டும்போது சத்தத்தை அணைத்துவிட்டதால் அவர் அதைக் கேட்கவே இல்லை. குப்பையோடு குப்பையாக வெட்டிப் போட்டிருந்தார்.

"நான் அங்க போனனா?" என்றான் கோல்பி மெதுவாக. பிறகு புரிந்துகொண்டவனாக அவர் பக்கம் திரும்பினான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, உக்கார வச்சிடுவாங்க. அந்த யுனிவர்சிட்டி கோச் ஒரு தடவதான் வருவாரு. பயந்தவன்னே இருந்துட்டுப் போறேன், பரவால்ல."

"வண்டியில ஏறு. உங்க வீட்டுக்குப் போறோம்."

"மிஸ்டர் ஸ்ட்ராக்கா, ப்ளீஸ்."

"ஏறுன்னேன்ல."

பையன் ஏறவில்லை. "நீங்க ஆடுனதே இல்ல. உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஏழு நிமிஷம் ஆடியிருக்கேன்" என்றார் லோவெல். வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

வழியெல்லாம் லோவெல் குழி மேடு பார்த்து மெதுவாக ஓட்டினார். சொல்லாதீங்க என்று ஒரு பிள்ளை நம்பிக் கேட்டதை மீறப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். மீறாவிட்டால் வெள்ளிக்கிழமை இன்னொரு தடியன் வருவான், தான் கோபுரத்தில் உட்கார்ந்து அதையும் படம் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

க்ளென் டிவியில் வேறு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். லோவெலைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. லோவெல் விளக்கம் எதுவும் சொல்லாமல் கையோடு கொண்டுவந்த லேப்டாப்பை டீபாயில் வைத்து வெட்டாத படத்தைப் போட்டார். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் விரல் தானாகச் சத்தத்தை அணைக்கப் போனது. எடுத்துவிட்டார்.

பார்த்து முடித்ததும் க்ளென் துள்ளி எழுந்தார். "பாத்தியா! பயமில்ல! என் புள்ள பயப்படல, தலையில அடி பட்டிருக்கு! இத மெர்ல் மூஞ்சியில கொண்டுபோய்..."

பாதியில் நின்றுவிட்டார். மகனைப் பார்த்தார். வீட்டுக்குள்ளே, விளக்குகூடப் போடாத அறையில், கறுப்புக் கண்ணாடியோடு அவன் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"கோல்பி, இன்னிக்கு என்ன கெழமடா?"

பையன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

"சனி."

க்ளென் கார்ச் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. பிறகு மகன் முன்னால் மண்டியிட்டு அவனுடைய ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார், நாலு வயசுப் பிள்ளைக்குக் கட்டுவது போல. பையன் அழுதான். அடுத்த வெள்ளிக்கிழமை போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. லோவெலை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வாசலில் மகனைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி க்ளென் திரும்பினார். "அதுல பக்கத்துல ஒருத்தன் சிரிச்சானே, யாரது?"

"நான்தான் க்ளென்."

க்ளென் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று லோவெல் காத்திருந்தார்.

"நானும்தான் சிரிச்சேன்" என்றார் க்ளென். "கீழே உக்காந்துக்கிட்டு. பக்கத்துல இருந்தவன் தோள்ல தட்டித் தட்டிச் சிரிச்சேன்."

பிறகு மகனை வண்டியில் ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டு, மருத்துவமனைக்கு ஓட்டிப் போனார்.